குளிரில் பூப்போட்ட கவுன்: மேலே எதை அணிவது? ஆறு வழிகளின் ஒப்பீடு

சென்னையிலோ மதுரையிலோ வாங்கிய பூப்போட்ட கவுன்களோடு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், மணமாகி ஊட்டி, குன்னூர் பக்கம் குடியேறுகிறவர்கள், படிப்புக்காக லண்டன் செல்கிறவர்கள் என எல்லோரும் நவம்பர் பிறந்ததும் ஒரே இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். கவுன்களை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் பிப்ரவரி வரை ஜீன்ஸிலேயே காலத்தை ஓட்டுவதா, மேலே எதையாவது போட்டுக்கொண்டு அணிவதா, அணிவதென்றால் எதைப் போடுவது என்பதே கேள்வி. கைக்குக் கிடைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், கடையில் அவ்வளவு எடுப்பாக இருந்த உடை தொளதொளவென்று, நைட்டியின் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பால் வாங்க வாசலுக்கு வந்தாற்போலத் தெரிகிறது.

இந்த நைட்டிச் சாயலை நம் கண் மற்ற ஊரார் கண்ணைவிட விரைவாகக் கண்டுகொள்கிறது. பருத்தியில் சின்னச் சின்னப் பூக்கள், கழுத்தில் ஒரு ஃப்ரில், இடுப்பில் பிடிப்பில்லாமல் கணுக்கால் வரை விழும் நீளம் என்று பார்த்தால், தமிழ்நாட்டு வீடுகளில் பெண்கள் காலை முதல் இரவு வரை வேலைபார்க்கும் நைட்டிக்கும், கடையில் மேக்ஸி என்று விற்கும் கவுனுக்கும் தையலில் பெரிய வேறுபாடு கிடையாது. நைட்டி உழைப்பின் உடை, அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அலுவலகத்துக்கோ உணவகத்துக்கோ கிளம்புகிறவர் அந்தத் தோற்றத்தில் போக விரும்பாததும் நியாயமே. உண்மையில் குற்றம் பூக்களிடம் இல்லை. தளர்வான துணியின் மேல் இன்னொரு தளர்வான துணி ஏறும்போது தோள் சரிகிறது, இடுப்பு மறைகிறது, அங்கி முடியும் இடமும் கவுன் முடியும் இடமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கின்றன. ஆகவே மேலே போடுவது கவுனைவிட விறைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மறைந்த இடுப்பை வேறு வழியில் மீட்டுத் தர வேண்டும். கீழே வரும் ஆறு வழிகளையும் இந்த ஒரு நிபந்தனையை முன்வைத்தே நான் பார்க்கிறேன்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் குளிரின் அளவு. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி அதிகாலை 15 அல்லது 16 டிகிரி செல்சியஸ் இருக்கும், பிற்பகலில் 27 டிகிரியைத் தொடும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அதே மாதங்களில் பகலில் 20 டிகிரி வரை போகும் வெப்பநிலை இரவில் 5 டிகிரிக்கு இறங்கும், சில விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படியும். லண்டன் நவம்பரில் பகலே 11 அல்லது 12 டிகிரிதான், மாலை 4 மணிவாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். மூன்று ஊர்களிலும் குளிர் என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம், ஆனால் ஒரே அங்கி மூன்றுக்கும் பொருந்தாது.

இரண்டாவது, கழற்றி மாட்டும் வசதி. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பெங்களூரில் பதினொரு மணிக்குமேல் அங்கியைக் கழற்றிக் கையில் சுமக்க வேண்டும். லண்டனிலோ தெருவில் நடுங்கிவிட்டு, சூடேற்றிய ரயிலுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தவுடன் வியர்க்கும். மூன்றாவது, பயணம். ஸ்கூட்டரில் போகிறவருக்குக் காற்றைத் தடுப்பதுதான் முதல் தேவை, பேருந்தில் போகிறவருக்கு அப்படியில்லை. நான்காவது, விலைச்சீட்டில் எழுதப்படாத செலவு: டிரை கிளீனிங், நூல் திரளுதல், பூச்சி அரிப்பு, ஊர் திரும்பிய பிறகு சென்னை ஈரக்காற்றில் நேரும் சேதம். உருவத்தை மேலேயே சொல்லிவிட்டேன், அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல்.

## அங்கி வாங்குவதற்கு முன் கவுனைப் பாருங்கள்

வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் பின்னணியில் இடைவெளியில்லாமல் நிறைந்த சின்னப் பூக்கள் கோடை வெயிலில் அழகாகவே இருக்கும். மேகமூட்டமான வெளிச்சத்தில் அவை சாயம் போனது போல மங்கிவிடும். கருநீலம், அரக்கு, கரும்பச்சை, கத்திரிப்பூ நிறம் ஆகிய அடர்ந்த பின்னணியில், பூக்களுக்கிடையே அந்த நிறம் தெரியும் அளவுக்கு இடைவெளி உள்ள துணியே குளிருக்கு ஏற்றது. அடர்பின்னணி நமக்குப் புதிதும் அன்று. 1643-ல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், இந்தியாவிலிருந்து வரும் பூவேலை விரிப்புகளில் பெரும்பாலானவை இருண்ட சிவப்புப் பின்னணியில் வருவதாகவும், தங்கள் வாடிக்கையாளருக்காக வெள்ளைப் பின்னணியைக் கூட்டித் தரவேண்டும் என்றும் இங்கிருந்த தம் வணிகர்களுக்கு எழுதினார்கள். அந்த வெள்ளைப் பின்னணித் துணி அங்கே எவ்வளவு பரவியதென்றால், உள்ளூர் நெசவாளரைக் காக்க 1700-லும் 1721-லும் இங்கிலாந்து அச்சுப் பருத்திக்கு எதிராகச் சட்டமே இயற்றியது. குளிர்காலத்துக்கு நாம் தேடும் அடர்நிறப் பூத்துணி இந்தியச் சாயக்காரர்களின் கையில் அதற்கு முன்பே இருந்தது என்பதைச் சொல்ல எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

துணியின் கனத்தையும் பார்க்க வேண்டும். மல்மல் போன்ற மெல்லிய பருத்தி, காலுறையில் ஒட்டிக்கொண்டு கசங்கி நிற்கும். ரேயான், கிரேப் ஆகியவை தம் எடையாலேயே நேராக விழும். ரேயான் முதல் துவைப்பில் சுருங்கக்கூடியது என்பதால், ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே நீளத்தைக் குறைக்கக் கொடுங்கள்.

நீளம் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். வெளிநாட்டு அளவில் தைத்த மிடி கவுன், ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள பெண்ணுக்குக் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் வந்து முடியும். கால் அங்கே வெட்டுப்பட்டுக் குட்டையாகத் தெரியும், அதன் மேல் எந்த ஜாக்கெட்டைப் போட்டாலும் சரிவராது. ஆல்டரேஷன் கடையில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து ஓரம் அடித்து, பக்கவாட்டில் சற்றுப் பிடித்துத் தைத்துக்கொண்டால், புதிய அங்கிக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். நம் ஊரில் தெருவுக்கு ஒரு தையல்காரர் இருக்கிறார். லண்டனில் இந்த வேலை இங்குள்ளதுபோல மலிவாக இருக்காது. கிளம்புவதற்கு முன்பே தைத்துக்கொண்டு போங்கள்.

## 1. கார்டிகன்

எல்லோரும் முதலில் கைநீட்டுவது முன்பக்கம் பொத்தான் வைத்த இந்தக் கம்பளிச் சட்டைக்குத்தான். பெரும்பாலோர் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும், பையில் சுருட்டி வைக்கலாம், அலுவலக ஏசிக்கும் உதவும். வசதியில் இதற்கு இணையில்லை. உருவத்தில்தான் இது ஆறு வழிகளிலும் கடினமானது என்பது என் கருத்து. காரணம், பின்னலாடை இயல்பிலேயே தளர்வானது. அதன் கீழ் விளிம்பில் உள்ள இறுக்கமான பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே வந்து கவ்விப் பிடிக்க, அதற்குக் கீழே கவுன் பலூனாக உப்பிவிடும். பொத்தான்களைத் திறந்துவிட்டால் இரண்டு முன்பக்கங்களும் தொங்கி, தோளிலிருந்து தொடைவரை ஒரே நேர்கோடாகும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. கவுனின் இடுப்புத் தையலுக்கு நேராக முடியும் குட்டைக் கார்டிகனாக எடுத்து, எல்லாப் பொத்தான்களையும் போட்டு, ஒரு சட்டையைப் போல அணியலாம். அல்லது முழங்கால் வரை வரும் நீளக் கார்டிகனைத் திறந்தபடி விட்டு, கவுனுக்கு மட்டும் பெல்ட் கட்டலாம். இரண்டுக்கும் நடுவில், பிட்டத்தின் பாதியில் முடியும் நீளம்தான் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கிறது. அதுதான் வேண்டாதது.

மறைமுகச் செலவு நூலில் இருக்கிறது. விலை குறைந்த அக்ரிலிக் கார்டிகன், கைப்பை உரசும் இடுப்புப் பக்கத்திலும் அக்குளிலும் சில வாரங்களில் உருண்டை உருண்டையாகத் திரண்டு பழசாகிவிடும். பூப்போட்ட துணியின் பக்கத்தில் அந்த உருண்டைகள் தனியாகத் தெரியும். தோள்வலி உள்ளவர்களுக்கும், கனமான உடை தாங்காத முதியவர்களுக்கும் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே நல்லது. அவர்களுக்கு உருவத்தைவிட இலேசு முக்கியம்.

## 2. டெனிம் ஜாக்கெட்

பெங்களூருக்கு ஒரே ஒரு அங்கிதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். டெனிமின் விறைப்பு தோளுக்கு ஒரு சட்டகம் தருகிறது. அதன் நேர்த்தையல்களும் உலோகப் பொத்தான்களும் பூவின் மென்மைக்கு எதிரே நிற்பதால், கவுன் வீட்டு உடையாகத் தெரிவதில்லை. பிற்பகலில் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டாலும் பார்க்க மோசமில்லை. வீட்டிலேயே துவைக்கலாம், பூச்சி அரிக்காது, எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

நீளம் இடுப்புத் தையலோடு நிற்க வேண்டும், அதிகம் போனால் இரண்டு விரற்கடை கீழே இறங்கலாம். அப்போது உடலின் மூன்றில் ஒரு பங்கு ஜாக்கெட்டாகவும் இரண்டு பங்கு கவுனாகவும் தெரியும். பாதிப் பாதியாகத் தெரிந்தால் உயரம் குறைந்துவிடும். அளவு சரியாக இருக்கிறதா என்பதைக் கடையில் கவுனை அணிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். பஃப் கை வைத்த கவுனை டெனிமின் ஒடுக்கமான கைக்குள் திணித்தால், மேற்கையில் ஒரு கட்டி போலத் துணி திரளும், டெனிம் இளகிக்கொடுக்காது.

மலை ஊர்களில் இது கைவிடும். டெனிம் பருத்தி, பருத்தி ஈரத்தை வாங்கினால் எளிதில் விடாது. ஊட்டியில் மாலை மஞ்சுக்குள் கொஞ்ச தூரம் நடந்தாலே அதன் மணிக்கட்டுப் பட்டை சில்லிட்டுப் போகும், மறுநாள் காலையிலும் அந்த ஈரம் முழுதாக உலர்ந்திருக்காது. 15 டிகிரிக்குக் கீழே இதை நம்பிப் போகாதீர்கள்.

## 3. தோல் அல்லது செயற்கைத் தோல் ஜாக்கெட்

முரண் அழகு என்று பார்த்தால் இதுதான் முதலிடம். கரும்பழுப்புத் தோலும் ஜிப்பும் பக்கத்தில் வந்ததும், மிகச் சாதாரணமான பூத்துணிகூட யோசித்து அணிந்ததாகத் தெரிகிறது. காற்றைத் தடுப்பதில் இதற்கு நிகர் இல்லை என்பதால், அதிகாலையில் ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு டெனிமைவிட இது மேல். கழுத்துவரை ஜிப் போட்டுக்கொள்ளலாம், துணி பறக்காது.

ஆனால் வாங்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் வாங்குவது பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கிறது. அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் இது நடக்கும். பொங்கல் விடுமுறைக்குச் சென்னைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன ஜாக்கெட், அடுத்த ஆண்டு எடுக்கும்போது காலரிலும் முழங்கையிலும் செதில் செதிலாக உரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளைத் துணியைக் காட்டும். இதற்குத் தையலும் இல்லை, பழுதுபார்ப்பும் இல்லை. உண்மைத் தோல் உரியாது, ஆனால் பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது துடைத்து, காற்றோட்டமாகத் தொங்கவிட்டுப் பராமரிக்க வேண்டும், விலையும் பல மடங்கு. குளிர் ஊரிலேயே நிலையாக வசிக்கிறவர் உண்மைத் தோலில் ஒன்று வாங்குவது நியாயமான செலவு. ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்திருப்பவருக்கு டெனிமே போதும்.

## 4. கவுனின் மேல் கழுத்து வழியாகப் போடும் ஸ்வெட்டர்

இதை நம்மவர்கள் அதிகம் முயன்று பார்ப்பதில்லை, எனக்கோ ஆறிலும் இதுதான் அதிகம் பிடித்தது. முன்பக்கம் திறப்பில்லாத ஸ்வெட்டரைக் கவுனின் மேல் போட்டுவிட்டால், மேல்பாதி முழுவதும் மறைந்து, கவுன் பூப்போட்ட பாவாடையாகிவிடுகிறது. நைட்டிச் சாயலைத் தருவது பெரும்பாலும் கழுத்து ஃப்ரில்லும் தளர்ந்த மார்புப் பகுதியும்தான். அவை இரண்டும் ஒரே அடியில் காணாமல் போகின்றன. ஒரு கவுனை இரண்டு உடையாகப் பயன்படுத்தவும் முடிகிறது.

இடுப்பை மீட்பதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே, இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில், இரண்டு விரல் அகலமுள்ள எலாஸ்டிக் பட்டையை மாட்டுங்கள். பிறகு பட்டைக்குக் கீழே தொங்கும் ஸ்வெட்டரின் விளிம்பை மேலே தூக்கி, பட்டைக்கு அடியில் உள்பக்கமாகச் செருகிவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி இறக்குங்கள். தேவையான அளவு துணி தானாக வெளியே வந்து பட்டையின் மேல் மடிந்து மூடிக்கொள்ளும். பட்டை வெளியே தெரியாது, ஸ்வெட்டரோ அளவெடுத்துக் குட்டையாகப் பின்னியது போல இடுப்பிலேயே முடியும். தையல்காரரிடம் போகாமலேயே நீளம் சரியாகிவிடுகிறது.

மெல்லிய கம்பளியாக இருந்தால்தான் இது நடக்கும், தடித்த பின்னலை மடித்தால் இடுப்பைச் சுற்றி வளையம் போட்டாற்போல ஆகும். செம்மறிக் கம்பளிக்குத் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாத இயல்பு உண்டு. ஆகவே மலை ஊரின் மஞ்சுக்கு டெனிமைவிட இது பலமடங்கு பொருத்தம். ஊட்டியில் திபெத்தியர் நடத்தும் ஸ்வெட்டர் கடைகளிலோ வேறெங்கோ வாங்கும்போது, உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் புரட்டி அதில் கம்பளி எவ்வளவு, அக்ரிலிக் எவ்வளவு என்று பாருங்கள். லூதியானாவிலிருந்து வரும் பின்னலாடைகளில் இரண்டு வகையும் உண்டு, கைக்குத் தொட்டால் ஒன்று போலவே இருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. முன்பக்கம் பெரிய பொத்தான்களோ இடுப்பில் முடிச்சோ உள்ள கவுன் ஸ்வெட்டருக்கு அடியில் மேடு தட்டும். உள்ளே கையில்லாத கவுன் இல்லையென்றால் கைத்துணி சுருண்டுகொள்ளும். பாலியஸ்டர் கவுனும் கம்பளியும் உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகி, வறண்ட காற்றில் பாவாடைப் பகுதி காலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே பருத்தியில் ஓர் உள்பாவாடை அணிந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கழற்றுவது கடினம் என்பதால் பெங்களூர்ப் பிற்பகலுக்கு இது உதவாது.

## 5. கவுனுக்கு உள்ளே டர்ட்டில்நெக் அல்லது தெர்மல்

ஒரு பொருளின் விலைக்குக் கிடைக்கும் கதகதப்பைக் கணக்கிட்டால் இதுவே மலிவானது. கழுத்தை மூடும் பின்னல் சட்டையான டர்ட்டில்நெக்கும், குளிருக்கான உள்ளாடையான தெர்மலும் உடலை ஒட்டியிருப்பதால் மெல்லிய துணியே நல்ல சூட்டைத் தருகிறது. கவுனின் வெட்டும் இடுப்பும் மறையாமல் அப்படியே வெளியே தெரிகின்றன. திருப்பூரில் தயாராகும் பருத்திப் பின்னலாடைகளில் முழுக்கை, உயர்கழுத்து வகைகள் எளிதாகக் கிடைக்கின்றன, மிதமான குளிருக்கு அவையே போதும்.

கையில்லாத கவுன், அகலமான வி-கழுத்து, தோள்பட்டை மட்டும் உள்ள பினஃபோர் வெட்டு ஆகியவற்றோடுதான் இது அழகாக அமையும். ஏற்கெனவே உயர்ந்த கழுத்தோ நீளக்கையோ உள்ள கவுனுக்குள் போட்டால் திணித்தது போலிருக்கும். நிறத்தில், பின்னணி நிறத்தையோ பூக்களுக்கிடையே ஓடும் தண்டு, இலை நிறத்தையோ எடுங்கள். பளிச்சென்ற பூ நிறத்தையே அப்படியே பொருத்தினால், ரவிக்கைக்கு மேட்சிங் எடுத்ததைப் போல ஆகிவிடும். வெள்ளைத் தெர்மலின் விளிம்பு கழுத்திலோ மணிக்கட்டிலோ எட்டிப்பார்த்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் தோற்றம் கெட்டுவிடும், ஆகவே தெர்மலை இறங்கிய கழுத்தாகப் பார்த்து வாங்குங்கள். தாலிச் சரடு அணிகிறவர்கள் அதை டர்ட்டில்நெக்கின் உள்ளே விட்டால், கழுத்தைச் சுற்றிக் கயிறு புடைத்துத் தெரியும். சரடு மார்புக்குக் கீழே இறங்கும் நீளமாக இருந்தால் வெளியே விட்டுவிடுவதே நன்றாக இருக்கிறது, அடர்நிறத்தின் மேல் பொன் எடுப்பாகவும் தெரியும்.

சூடு அதிகமானால் இதைக் கழற்ற வழியே இல்லை என்பதுதான் இதன் பெரிய குறை. நாள் முழுவதும் குளிர் மாறாத இடங்களுக்கும், கோட்டைக் கழற்றிய பிறகும் சற்றுச் சிலிர்க்கும் லண்டன் வகுப்பறைகளுக்கும் இது ஏற்றது.

## 6. நீளக் கோட்

லண்டனில் நவம்பருக்குமேல் வேறு எதுவும் தனியாகப் போதாது. கம்பளிக் கோட்டின் தோள்வெட்டு மிகத் தளர்ந்த கவுனையும் நிமிர்த்தி நிறுத்திவிடும். கவனிக்க வேண்டியது இரண்டு விளிம்புகளின் உறவு. கோட் கவுனைவிட நீளமாக இருக்கலாம், அல்லது நடுத்தொடையோடு நின்றுவிடலாம். முழங்காலில் கோட் முடிந்து, அதற்குக் கீழே ஒரு சாண் பூத்துணி தொங்குவது, உள்பாவாடை இறங்கிவிட்டதோ என்று பார்ப்பவரை எண்ணவைக்கும்.

கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் கோட் நாற்காலிக்குப் போய்விடுகிறது. ஆகவே கோட் மட்டும் வாங்கினால் பிரச்சினை தீராது, உள்ளே ஐந்தாவது வழியையும் சேர்க்க வேண்டும். டிரை கிளீனிங் செலவு ஆண்டுதோறும் வரும். இந்தியாவிலிருந்து கோட் வாங்கிச் சுமந்து போகாதீர்கள். இங்கே கிடைப்பது அங்குள்ள குளிருக்கும் மழைக்கும் ஏற்ற கனத்தில் இருப்பது அரிது, பெட்டியின் எடையும் வீணாகும். ஆக்ஸ்ஃபாம் போன்ற அறக்கட்டளைகளின் பழம்பொருள் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டுகள் கிடைக்கின்றன, படிக்கப் போகிறவர்களுக்கு அதுவே சரியான இடம்.

சால்வையைத் தனி வழியாக எண்ணவில்லை. மாலையில் உட்கார்ந்து பேசும் இடத்தில் தோளில் போட்டுக்கொள்ள அது இனிமையானது, நடக்கும்போது நிற்காது. ஸ்கூட்டரில் சால்வையோ நீளக் கவுனின் ஓரமோ சக்கரத்தில் சிக்கி உயிரே போயிருக்கிறது. இரண்டு சக்கர வண்டியில் போகிற நாளில் கணுக்கால் நீளக் கவுனையும் சால்வையையும் தவிர்த்துவிடுங்கள்.

## எந்தச் சூழலுக்கு எது

| சூழல் | முதல் தேர்வு | மாற்று |
|---|---|---|
| பெங்களூர், பேருந்து அல்லது மெட்ரோவில் அலுவலகம் | டெனிம் ஜாக்கெட் | குட்டைக் கார்டிகன் |
| பெங்களூர், அதிகாலை ஸ்கூட்டர் | தோல் ஜாக்கெட், முழங்கால் நீளக் கவுன் | கழுத்துவரை பொத்தான் போட்ட டெனிம் |
| ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பகல் | மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் | உள்ளே டர்ட்டில்நெக் |
| அதே ஊர்களில் மாலை | டர்ட்டில்நெக்கும் ஸ்வெட்டரும் சேர்த்து | தெர்மலும் நீளக் கோட்டும் |
| லண்டன் அக்டோபர் | டர்ட்டில்நெக்கும் தோல் ஜாக்கெட்டும் | ஸ்வெட்டர் |
| லண்டன் நவம்பர் முதல் | டர்ட்டில்நெக்கும் நீளக் கோட்டும் | இல்லை |

## காலுக்கு

மேலே எத்தனை கவனமாகத் தேர்ந்தாலும், கீழே லெக்கிங்ஸைப் போட்டுவிட்டால் கவுன் குர்தியாகிவிடும். கணுக்காலில் முடியும் லெக்கிங்ஸுக்கும் செருப்புக்கும் இடையே தெரியும் அந்த வெறும் கால்பகுதிதான் குளிர்கால உடையை அரைகுறையாகக் காட்டுகிறது. பாதத்தையும் மூடும் டைட்ஸ் வாங்குங்கள். அதன் உறையில் டெனியர் என்ற எண் இருக்கும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதே அந்த அளவு. எண் கூடக்கூடத் துணி தடிக்கும். 40 டெனியரில் தோல் மங்கலாகத் தெரியும், 80-க்கு மேல் அறவே தெரியாது. அடர்பின்னணிக் கவுனுக்கு 80 டெனியர் கறுப்பு அல்லது பின்னணி நிறத்திலேயே எடுத்தால், இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே ஓட்டமாகத் தெரியும். தோல்நிறம் என்று விற்கும் டைட்ஸ் பெரும்பாலும் நம் தோலின் நிறமாக இருப்பதில்லை.

காலணியில் சற்றுக் கனம் வேண்டும். கணுக்கால் பூட்ஸ் எல்லாக் கவுனுக்கும் பொருந்தும். பூட்ஸின் வாய்க்கும் கவுனின் ஓரத்துக்கும் இடையே ஒரு கையகலமாவது டைட்ஸ் தெரியட்டும், அல்லது இரண்டும் ஒன்றையொன்று மூடும்படி நீளப் பூட்ஸாக இருக்கட்டும். மெல்லிய சமதளச் செருப்புக்குள் சாக்ஸ் போடுவதைத் தவிருங்கள். பூட்ஸின் அடிப்பாகமும் பல நேரம் பாலியூரிதேன்தான். நீண்ட நாள் அணியாமல் வைத்திருந்தால் ஒரு நாள் நடக்கும்போதே பொடிந்து உதிரும், ஆகவே அடிக்கடி அணிந்துகொள்ளுங்கள், ரப்பர் அடியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கம்பளியைப் பெட்டிக்குள் வைக்கும்போது கட்டாயம் துவைத்து, நன்கு உலர்த்தி வையுங்கள். வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தைத்தான் பூச்சி முதலில் அரிக்கும். பாச்சை உருண்டையைத் துணியில் நேராகப் படவிடாமல் சிறு பையில் கட்டிப் போடுங்கள்.

## கவுனையே விட்டுவிட வேண்டிய இடம்

ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலையில் தேயிலைச் சரிவுகளில் நடக்கப் போகிறவருக்கும், ஜனவரியில் டொராண்டோவில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் மேலே சொன்ன ஆறில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழியத்துக்குக் கீழே டைட்ஸ் மட்டும் அணிந்த கால் மரத்துப்போகும், ஈரமான சரிவில் கவுனின் ஓரம் செடிகளில் சிக்கும். அந்த நாட்களுக்குக் உள்பக்கம் கம்பளி வைத்துத் தைத்த கால்சட்டையை அணிந்து, பூவின் மேல் ஆசை விடவில்லையென்றால், அதே அடர்நிறப் பூத்துணியில் முழுக்கைச் சட்டை ஒன்றைத் தைத்து ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம். கவுனை ஓரம் அடிக்கக் கொடுக்கும் அதே தையல்காரரிடமே இதற்கும் துணி எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.